கடைசி இடத்துக்கு இரண்டு பேர்

“சார், கடைசி எடத்துக்கு ரெண்டு பேர் வர்லாமா?”

மூன்றாம் வகுப்பில், சாக்கு ஓட்டப் பந்தயத்தன்று ஜோசுவா கேட்ட கேள்வி இது. அன்று ஒன்றாகக் கடைசியில் வந்தவர்கள் அவனும் விக்னேஷும். ஒன்பது வருடமாகியும், கூடப் படிப்பவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பதை விடவில்லை.

பிளஸ் டூ இயற்பியல் தேர்வு முடிந்து இருவரும் பள்ளி வாசலில் நின்றபோது சுகாசினியும் அதையே சொன்னாள். வகுப்பில் எப்போதும் முதலிடம் அவளுக்குத்தான். ஒரு கையில் சைக்கிள், மறுகையில் வினாத்தாள்.

“இன்னா, இன்னிக்கும் ஜோடியா கடைசியா? லென்ஸ்ல பாதிய கறுப்புத் தாளால மூடினா பிம்பம் எப்படி வரும்? இன்னா போட்டீங்க?”

“மொதல்ல நீ சொல்லுடா,” என்றான் விக்னேஷ், ஜோசுவாவிடம்.

“பாதி பிம்பம்,” என்றான் ஜோசுவா.

“நானும் பாதிதான்.”

“முழுசா வரும்டா. வெளிச்சம்தான் கம்மியாவும்,” என்றாள் சுகாசினி.

“அது லென்சுக்குத்தான்மா. என் மூள பாதி மூடிக்கினு இருக்குது, பாதிதான் தெரியுது,” என்றான் விக்னேஷ்.

ஜோசுவா சிரிக்கவில்லை. “டிரான்ஸ்பார்மருக்கு பேட்டரி குடுத்தா எவ்ளோ வோல்ட் வரும்னு கேட்டானே, நான் நூத்தி இருபது போட்டேன்.”

“சைபர்டா. பேட்டரியில டிரான்ஸ்பார்மர் வேலையே செய்யாது.”

“நானும் நூத்தி இருபதுதான்,” என்றான் விக்னேஷ். “ஈ.பி.காரங்க என் பேப்பர பாத்தா எங்க தெருவுக்கே கரண்ட்ட கட் பண்ணிடுவாங்க.”

“கடைசி அஞ்சு மார்க் கேள்வி?” என்று கேட்டாள் சுகாசினி.

“உட்டுட்டேன்,” என்றான் ஜோசுவா, தரையைப் பார்த்தபடி.

“நான் மட்டும் எழுதிக் கிழிச்சேனா? தறியில, பாவுல ஒரு இழை அறுந்தா எங்கப்பா முடிச்சு போட்டுடுவாரு. என் பேப்பர்ல பாவே இல்ல,” என்றான் விக்னேஷ்.

“ரெண்டு பேரும் ஒரே பேனாவுல எழுதுனீங்களா?” என்று கேட்டுவிட்டு சுகாசினி சைக்கிளில் ஏறிப் போனாள்.

ஜோசுவா பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். “வெள்ளிக்கிழம கெமிஸ்ட்ரிக்கு நான் வரலடா. அக்கா மாதிரி கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போயிடறேன்.”

அவன் அக்கா பிரவீனா, ஒரு பரீட்சை கெட்டதும் மிச்சத்தை எழுதாமல் விட்டவள். இன்றுவரை அதை நினைத்து அழுகிறவள்.

“நீ வரலன்னா நான் மட்டும் தனியா கடைசி வரணுமா? இன்னாபா நியாயம்?”

ஜோசுவா அவனையே பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான். “சரி, வரேன். உன்ன தனியா உட்டா பாவம்.”

செவிலிமேடு பஸ் ஜோசுவாவை ஏற்றிக்கொண்டு போயிற்று.

தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் விக்னேஷ் செருப்பைக் கழற்றினான். உச்சி வெயில். நடை சாத்தியிருந்தது. சுற்றிலும் ஆளில்லை. வினாத்தாளைப் பிரித்தான். ‘முழு பிம்பம்’, ‘சுழி வோல்ட்’ என்ற விடைகள் இரண்டின் பக்கத்திலும் அவன் போட்ட பென்சில் குறி இருந்தது. கடைசிக் கேள்விக்கு அவன் விடைத்தாளில் இரண்டு பக்கம் எழுதியிருந்தான்.

வினாத்தாளைச் சின்னதாக மடித்துப் பைக்குள் வைத்தான். காதைப் பிடித்துக்கொண்டு, மூன்று பொய்க்கு மூன்று தோப்புக்கரணம் போட்டான்.

மூன்றாம் வகுப்பில் அன்று, முடிவுக் கோட்டைத் தொட இரண்டடியே இருக்கையில் ஜோசுவா சாக்கோடு துள்ளித் துள்ளித் திரும்பி வந்து, விழுந்து அழுதுகொண்டிருந்த விக்னேஷைத் தூக்கிவிட்ட பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தான்.