துண்டுக்கு அடியில்

வாங்க வந்த பொருளைப் பார்த்துப் பல்லிளிக்கக் கூடாது என்பது வாணியம்பாடித் தோல்மண்டியில் நான் கற்ற முதல் பாடம். ஆகவே, எழுபத்தாறு ஐப்பசியில், ஜவ்வாது மலையில் சடையனின் புளியமரத்தடியில் நின்ற அந்த இரண்டு சீட்டு எம்.ஜி. காரை, பல வருஷம் நான் ஏங்கிய காரை, முகத்தைச் சுளித்தபடியே சுற்றி வந்தேன்.

"இது இன்னா காரா, கோழிக் கூண்டா?"

"கூண்டுக்கா பாய் மல ஏறி வந்தீங்க? இத ஓட்டிக்கினு இருந்த வெள்ளக்கார தொர செத்ததுலேர்ந்து எவனும் தொடல. நீங்களாவது எட்த்துக்கினு போங்க."

மழை தூறியது. மாட்டுச்சந்தை வழக்கப்படி கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசினோம். கடைசியில் அவன் என் விலைக்கே இறங்கிவந்து கையை அழுத்தினான். கார் என்னுடையது. சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதான் முடிஞ்சிதே, துண்ட எடுங்க பாய், நனையுது."

நிமிர்ந்தேன். சடையன் இரண்டு கைகளையும் குவித்துப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். துண்டுக்கு அடியில் என் கையை இன்னும் ஒரு கை பிடித்திருந்தது. தோல் வியாபாரிக்குத் தொட்டாலே தெரியும்: மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை, கார் ஓட்டும்போது துரைமார் போடுவது. விற்க மனமில்லாதவன் செய்வதுபோல, அது என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தது.