ஓரடி தள்ளி ஓர் உருவம்

கிணற்றடிக் காட்சி வந்துவிட்டது. வெள்ளை உருவம் மட்டும் வரவில்லை.

திரையில் கதாநாயகி வெள்ளைச் சேலையில் தன்னந்தனியாக நின்று வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு துவைகல்லும், கொடியில் காயப்போட்ட பாவாடையும்தான் இருந்தன.

மதியழகன் அந்தப் பாவாடையை நம்பிக்கையோடு பார்த்தார். அது கடைசிவரை பாவாடையாகவே இருந்தது.

அவர் காப்பீட்டு முகவர். திண்டுக்கல் திரைப்படச் சங்கத்தின் செயலாளரும்கூட. வார நாட்களில் ஊராரைச் சாவைக் காட்டிப் பயமுறுத்துவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கலையைக் காட்டி.

அன்றைக்கு இரண்டும் ஒன்றாக வாய்த்திருந்தது. தொண்ணூற்றொன்றில் தொலைக்காட்சிக்கென்றே எடுத்து, ஒரே ஒரு தடவை ஒளிபரப்பான பேய்ப் படம். அதன் சிடியை எங்கெங்கோ தேடிப் பிடித்து, படத்தின் இயக்குநரையே சென்னையிலிருந்து வரவழைத்து, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் திரை கட்டியிருந்தார். முந்தின நாள் பந்தியின் ரசவாடை இன்னும் போகவில்லை.

படத்துக்கு முன்பு நெடுநேரம் பேசியும் இருந்தார்.

பேகம்பூரில் ஜெய்தூன் பீவி வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. கொடைக்கானல் டவர் பக்கமாக ஆன்டெனாவைத் திருப்பிப் பிடிக்க, தங்கச்சி மகேஸ்வரியை மாடிக்கு ஏற்றிவிட்டது. படம் முடிந்து வீட்டுக்குப் போகப் பயந்து பெரிய மனிதர்களே கைகோத்துக்கொண்டு நடந்தது. எல்லாம் சொன்னார்.

"இன்னிக்கு இருநூறு சேனல் வருது. பயப்படுற மாதிரி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டபோது நல்ல கைதட்டல்.

ஆனால் பேச்சின் உச்சம் அந்த உருவம்தான். கதாநாயகி போகிற இடமெல்லாம் ஓரடி தள்ளி, முகம் தெளியாமல், கூடவே வரும். அவள் நின்றால் நிற்கும். குனிந்தால் குனியும். படத்தில் ஒருத்தர்கூட அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அதுதான் மேதைமை என்றார் மதியழகன். அந்த உருவம் அவளுடைய மனசாட்சி என்றார். மரணம் என்றார். தண்ணீர் குடித்துவிட்டு, பெண்ணடிமைத்தனம் என்றும் சொன்னார்.

மேடையோரம் துணி போர்த்திக் காத்திருந்த கேடயத்தில், 'வெள்ளை உருவம் தந்த வித்தகர்' என்று பொறித்தே ஆகிவிட்டது.

இப்போது கதாநாயகி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தனியாக. மாடிப்படி ஏறினாள். தனியாக. நடுச்சாமத்தில் சுடுகாட்டைக் கடந்தாள். ஒரு நாய்கூடத் துணைக்கு வரவில்லை.

பின்வரிசையிலிருந்து பலசரக்குக் கடைக் கருப்பணன் குரல் கொடுத்தார்.

"மதி, உன் ஆளு பஸ்ஸைத் தவற விட்டுட்டாரா?"

கூடமே சிரித்தது. பேய்ப் படத்துக்கு அதுவரை வந்த ஒரே சத்தம் அதுதான்.

மதியழகனுக்கு முதுகில் வியர்வை வரிசை கட்டி இறங்கியது. நாளை முதல் இந்த ஊரில் எந்தப் படத்தைப் பற்றி வாயைத் திறந்தாலும், எவனாவது ஒருத்தன் பஸ்ஸைப் பற்றிக் கேட்பான். இத்தனை வருடம் அடுக்கி வைத்த மரியாதை, ஒரு பாவாடையோடு சேர்ந்து கொடியில் தொங்கியது.

பக்கத்தில் இயக்குநர் தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உருவத்தைப் பற்றி போனில் புகழ்ந்தபோது அவர் வெறும் "ம்" போட்டார். அன்றைக்கு அது தன்னடக்கமாகக் கேட்டது. இப்போது நினைத்தால் வேறு மாதிரி கேட்டது.

கரண்டு போய்விடாதா என்று மதியழகன் வேண்டினார். தினம் சொல்லாமல் கொள்ளாமல் போகிற கரண்டு, அன்றைக்கு உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தது.

விளக்கைப் போட்டார்கள். இயக்குநர் மேடையேறினார். கேடயத்தின் துணியை விலக்கினார்கள். அவர் அதில் பொறித்திருந்ததைப் படித்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

மதியழகன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"அந்த உருவத்துக்காக நான் பட்ட பாடு இருக்கே..."

பிறகு அவரை நிறுத்த ஆளில்லை. முகம் மறைத்து நடிக்கச் சம்மதிக்கிற பெண்ணைத் தேடி ஊர் ஊராக அலைந்தது, அவளை ஓரடி தள்ளி நடக்கப் பழக்கியது, கேமராமேனுக்குக் காய்ச்சல் கண்டது. கடைசியில் சிடி போட்ட பாவி, படத்தின் உயிரையே வெட்டி எறிந்துவிட்டான் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கூடம் உச்சுக்கொட்டியது. கருப்பணன் எழுந்து நின்று கைதட்டினார்.

மதியழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, புகைப்படத்துக்காக மேடையை நோக்கி எழுந்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகேஸ்வரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்ணே, அன்னிக்குப் படத்துக்கு முன்னாடி செய்தி வாசிச்ச பொம்பளைக்குப் பின்னாடியும் அந்த உருவம் நின்னுச்சே! 'நிழலடிக்குது, ஆன்டெனாக் கம்பியை நல்லாத் திருப்புடி'ன்னு நீதானே கத்துன? மழை தூறுதுன்னு நான்தான் பாதியிலயே இறங்கி வந்துட்டேன்."

மேலேயிருந்து இயக்குநர் கை நீட்டி அழைத்தார். கேமராக்காரர் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார்.

மதியழகன் மேடையேறி, தன் வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இயக்குநருக்கு ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.