பின்னால் ஓரடி

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் இன்றும் போய் பெண்கள் வரிசையில்தான் நின்றார்.

ஜோடி நடனத்தில் ஆண் பங்கு ஆடுகிறவர் நடத்திப் போவார். பெண் பங்கு ஆடுகிறவர் பின்னால் கால் வைத்துக் கூடவே போவார். வால்ட்ஸ் ஆனாலும் டாங்கோ ஆனாலும் வழக்கம் அதுதான்.

சேர்ந்த நாளிலிருந்து டிரைவர் கேட்டது பெண் பங்கை மட்டும்.

நடன ஆசிரியைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

பின்னே வராதா? ஞாயிற்றுக்கிழமை நடனப் பள்ளியில் உலக நடன விழா. ஃபிளமெங்கோ ஆடுகிறவர்கள் தரைப் பலகையை உடைக்காத குறையாக மிதித்துப் பழகுகிறார்கள். சம்பா குழுவில் ஒருத்தியின் இடுப்பும் சும்மா இருப்பதில்லை. கைகோத்துச் சுற்றும் கிரேக்க ஆட்டத்துக்குக் கூட ஆள் நிறைந்துவிட்டது.

வால்ட்ஸுக்குத்தான் பஞ்சம். ஆண் பங்குக்கு ஓர் ஆள் குறைகிறது. இருக்கிற ஒரே ஆண்பிள்ளையோ பெண்கள் வரிசையில்.

அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். மனிதர் பிடித்த பிடியை விடவில்லை. காலமெல்லாம் நான்தான் ஓட்டினேன், இனி வேறு யாராவது ஓட்டட்டும் என்று சிரித்து மழுப்பிவிடுவார். வகுப்புப் பெண்கள் அவரை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கும் சிரிப்புதான்.

ஆனால் ஆட்டத்தைக் குறை சொல்ல முடியாது. முதுகில் வைத்த கை லேசாக அசைந்தால் போதும், அத்தனை பெரிய உடம்பு பூனை மாதிரி பின்வாங்கும்.

இன்று அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். ஆண் பங்கு ஆடுவதென்றால் வாருங்கள், இல்லையென்றால் இன்றோடு நின்றுகொள்ளுங்கள்.

டிரைவருக்கு முகம் செத்துவிட்டது. இந்தப் பங்கு மட்டும் கைவந்துவிட்டால் நானே போய்விடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினார். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒத்திகைக்கு இசையை ஓடவிட்டாள்.

வாசலோரம் நாற்காலியில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். வீட்டில் அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண் இன்று வரவில்லையாம், அதனால் அழைத்து வந்திருந்தார்.

இசை கேட்டதும் அந்த அம்மா எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேராகக் கணவரிடம் வந்தார். இடது கையை நீட்டினார். வலது கையை அவர் முதுகில் வைத்தார்.

அது ஆண் பங்கின் பிடி.

ஆசிரியைக்கு அந்தப் பிடியைத் தெரியும். வருஷக்கணக்காகப் பெண்களுக்கு ஜோடி நடனம் சொல்லிக்கொடுத்தால் ஒட்டிக்கொள்வது அது. மாணவிகளுக்காக ஆண் பங்கையே ஆடி ஆடி, கை தானாக அங்கேதான் போகும். அவளுக்கும் அப்படித்தான்.

அந்த அம்மா முன்னால் அடி வைத்தார். டிரைவர் பின்னால் வைத்தார்.

இரண்டு சுற்று வந்தார்கள். எல்லோரும் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

மூன்றாவது சுற்றில் டிரைவரின் கால் பிசகியது. அந்த அம்மா நின்று, முன்பின் தெரியாதவரிடம் பேசும் மரியாதையோடு சிரித்தார்.

“புதுசா சேர்ந்திருக்கீங்களா? பயப்படாதீங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”

“ஆமாங்க டீச்சர், இன்னைக்குத்தான் சேர்ந்தேன்” என்றார், நாற்பது வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவர்.