அனுமதி கேட்டு ஒரு கடிதம்

பரந்தாமன் சார் கிணற்றுச் சுவரின் மேல். ரேஷ்மா கொல்லன் பட்டறை வாசலில், வாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு. கிரண் வழக்கம்போல் கோட்டைக் கூரையில். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் சந்தைத் திடலில், வட்டமாக.

நான் அம்பத்தூரில், என் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில்.

அவர்கள் உட்கார்ந்திருந்த ஊர், என் காலடியில் இருந்த கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கம்பெனிக்காரர்கள் என்றோ மூடிவிட்ட ஆன்லைன் விளையாட்டு அது. விளையாடியவர்கள் விடவில்லை. கம்பெனியின் சர்வரைப் போலவே ஒன்றை நானே எழுதி, ஆறு வருடமாக வீட்டிலேயே ஓட்டிவருகிறேன்.

கரண்ட் போனால் யூ.பி.எஸ். மூன்று மணி நேரம் தாங்கும். அதற்குள் நான் வந்தாக வேண்டும். ஒருமுறை ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் வரை போனேன். தாலி கட்டுவதற்குள் திரும்பிவிட்டேன்.

என் மனைவி லாவண்யா கோயம்புத்தூருக்கு மாற்றலாகி ஐந்து மாதம். மகள் அங்கேதான் ஒன்றாம் வகுப்பு. அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு மாதமும் சொன்னேன். போன வாரம் சொன்னபோது, "சரிங்க" என்றாள். போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் திடலுக்கு வரச் சொன்னேன். 'மூடப்போகிறேன்' என்று தட்டச்சு செய்தும் வைத்துவிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

பரந்தாமன் சார் இறங்கிக் கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஆவடித் தொழிற்சாலையில் ரிட்டையர் ஆனவர். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கட்டிலோடு இருக்கிறார். தினமும் காலையில் அவர் நடப்பது இங்கேதான்.

எழுதியதை அழித்தேன். 'இதை எத்தனை நாளைக்கு நடத்த முடியும் என்று தெரியவில்லை' என்று மட்டும் போட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, கம்பெனிக்காரனுக்குப் பயந்துகினியா?" என்றான் கிரண். பாடியில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். "நீதான் சோக்கா லெட்டர் எழுதுவியே, அவனாண்டயே பர்மிஷன் கேட்டு ஒண்ணு தட்டிவுடு. வந்துட்ச்சுனு வெச்சிக்கோ, உன் ஆயுசு பூரா நடத்தலாம்!"

"பதில் வர்ற வரைக்கும் அண்ணன் ஊரை விட்டு நகரக் கூடாது," என்றாள் ரேஷ்மா.

எல்லோரும் கைதட்டினார்கள். பரந்தாமன் சார் ரொம்ப நேரம் தட்டினார்.

நானும் தட்டினேன்.

கிரண் சொன்னது உண்மை. எங்கள் ஊர்ப் பள்ளியில் விண்ணப்பக் கடிதத்துக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். இங்கிலீஷில் எழுதினாலும் அந்த வரிசை எனக்கு மாறாது. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா.

திங்கட்கிழமை உட்கார்ந்து எழுதினேன். அனுப்புநர் இடத்தில் என் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு. பெறுநர் இடத்தில் கம்பெனியின் சட்டப் பிரிவு, பெங்களூரு.

'ஐயா,

மேற்கண்ட முகவரியில் தங்கள் விளையாட்டு, தங்கள் அனுமதியின்றி, ஆறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. நடத்துபவன் நானே. கடிதம் கண்டவுடன் அதை மூடும்படி எனக்கு ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஆணை சற்றுக் கடுமையாக இருந்தால் நல்லது. நாற்பத்தொரு பேருக்கு அதைக் காட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, இரா. கோகுல்நாத்.'

மூன்றாக மடித்து, உறையிலிட்டு, பசை தடவி ஒட்டினேன். ஸ்பீடு போஸ்ட் கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் வீசினார்.