மயங்கி விழுகிறவர்

“விழுந்துட்டார் சார், விழுந்துட்டார்!” என்று ஜன்னலோரம் துள்ளினாள் ஆராய்ச்சி மாணவி. ஒரு மனிதர் தெருவில் மயங்கி விழுந்ததற்கு இத்தனை சந்தோஷப்பட்ட ஆளை அந்த மாடிக் காபிக் கடை அதுவரை பார்த்திருக்காது.

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதைப் பேசினாலும் ‘ஆனா’ என்று ஆரம்பிப்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஆனா சார்’.

“ஆனா, யாரும் வரமாட்டாங்க பாரு. காட்டுல சின்னச் சின்னக் கூட்டமா வாழ்ந்தப்ப ஒருத்தன் முகம் இன்னொருத்தனுக்குத் தெரியும். உதவி பண்ணலைன்னா நாளைக்கு யார் முகத்துல முழிக்கறது? நகரத்துல முகமே கிடையாது. முகம் இல்லாத இடத்துல அறமும் கிடையாது. இதைத்தானே ஆயுசு பூரா எழுதிட்டிருக்கேன்?”

அவர் சொல்லி முடிக்கவில்லை. கீழே பல் டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். உள்ளே நாற்காலியில் யாரோ வாயைத் திறந்தபடி காத்திருக்க வேண்டும். தையல்கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். முடிதிருத்தும் கடையிலிருந்து, பாதி முகம் சோப்பு நுரையோடு, ஒரு வாடிக்கையாளரே வந்துவிட்டார். ஆளுக்கொரு கை கொடுத்து விழுந்தவரைத் தூக்கி, நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சட்டையில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டார்கள். மாணவிக்கு அந்தத் தெருவையே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

விழுந்தவர் ஒரு நாடக நடிகர். அவள் ஏற்பாடு செய்த ஆள். தெருத் தெருவாகப் போய் மயங்கி விழுவது அவர் வேலை. யார் வருகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் வருகிறார்கள் என்று மறைந்திருந்து பார்ப்பது அவள் வேலை. அடையாளம் தெரியாமலிருக்க ஒரு நாள் மீசை, ஒரு நாள் தொப்பி. மற்ற தெருக்களில் மனிதர் படுத்துப் படுத்து அலுத்துப்போய்த் தானாகவே எழுந்து வந்திருக்கிறார். ஒரு தெருவில் அவரைத் தாண்டிப் போனவர் ‘சாரி’ சொன்னதே பெரிய விஷயம். இந்தத் தெருவில் மட்டும், எப்போது விழுந்தாலும் ஓடி வந்தார்கள்.

“ஆனா, இது ரொம்ப அழகா இருக்கு,” என்றார் பேராசிரியர். “இவ்வளவு அழகா இருந்தா நான் நம்பறதில்ல. முன்கூட்டியே சொல்லி வெச்சியா?”

“சார்!”

“ஆனா, ஊரெல்லாம் ஒரு மாதிரி, இங்க மட்டும் வேற மாதிரின்னா எப்படி? நீ ஜோடிச்சிருந்தேன்னு தெரிஞ்சா உன் ஆராய்ச்சி இன்னியோட சரி. பட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

பட்டம் போவது ஒரு பக்கம். ஓடி வந்த அந்த மனிதர்களை, யாரோ சொல்லிக் கொடுத்து நடித்தவர்கள் என்றது அவளுக்கு இன்னும் வலித்தது.

“வாங்க சார். நீங்களே கேட்டுடுங்க. நாம யார்னு மட்டும் சொல்லிக்க வேண்டாம்.”

அவர்கள் இறங்கி வருவதற்குள் நடிகர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். பல் டாக்டரம்மா வாசலில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“மாடியிலேர்ந்து பாத்தோம் மேடம். விழுந்தவர் உங்களுக்கு வேண்டியவரா?”

“பேர்கூடத் தெரியாதுங்க.”

“ஆனா, யாராவது தூக்கச் சொன்னாங்களா?”

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “விழுந்தவரைத் தூக்கறதுக்கு ஆள் வந்து சொல்லணுமா? நீங்க எந்த ஊர் சார்?”

“அதில்ல மேடம்…” என்று சமாளித்தாள் மாணவி. “ஒருத்தர் வந்தாப் போதாதா? தெருவே திரண்டு வருதே?”

“ஒருத்தர் தலையைத் தாங்கணும், ஒருத்தர் காலைப் பிடிக்கணும், இன்னொருத்தர் தண்ணி கொண்டு வரணும்,” என்றார் தையல்கடைக்காரர். “எண்ணிப் பாத்தா நாங்களே பத்தலை சார்.”

“ஆனா, உங்க வேலை கெட்டுப் போகுமே?”

“சட்டை எங்க சார் ஓடிடப் போகுது? போட்ட இடத்துலயேதான் கிடக்கும்.”

பேராசிரியர் மாணவியைத் தனியே அழைத்துப் போய் அவள் தலையில் கை வைத்தார்.

“மன்னிச்சிடும்மா. நீ ஜெயிச்சுட்டே. இந்த ஒரு தெருவுக்காக என் புத்தகத்தைத் திருத்தி எழுதணும்.”

ஒரு ‘ஆனா’கூட இல்லாமல் அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. காரை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

மாணவிக்கு அப்படியே கிளம்ப மனம் வரவில்லை. திரும்பி வந்து டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“உங்களையெல்லாம் என்னால மறக்கவே முடியாது மேடம். யார் எவர்னே தெரியாம, மயங்கி விழுந்த ஒருத்தருக்காக இப்படி ஓடி வந்தீங்களே!”

டாக்டரம்மா தெருமுனை வரை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவர் மயங்கறதே இல்லம்மா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமா பைக்குள்ள வெச்சுட்டு மயங்கி விழறவரை நீ எங்கயாவது பாத்திருக்கியா? பாவம், கையைப் பிடிச்சு ‘என்னாச்சு’ன்னு கேக்க வீட்டுல ஒரு ஜீவன் இல்ல போல, அதுக்காகத்தான் வேஷம் மாத்தி மாத்தி வந்து எங்க தெருவுல விழறார். எங்களுக்குத் தெரியும்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே. அவர் காதுல விழுந்தா, கூச்சப்பட்டுக்கிட்டு வர்றதையே நிறுத்திடுவார்.”