என் பிராஞ்சைத் தொட்டது யாரு?

"என் பிராஞ்சைத் தொட்டது நீங்கதானே?"

கோபம் வந்தால்தான் அவள் கணவனை 'நீங்க' என்பாள். மற்ற நேரமெல்லாம் 'டா'தான். அந்த 'நீங்க'வைக் கேட்டதுமே எதிர் சீட்டில் இருந்த கணவன் எழுந்துவிட்டான்.

இருவருக்கும் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனி, ஒரே டீம். காலியாக இருக்கும் டீம் லீடர் பதவிக்குப் போட்டியில் மிஞ்சியதும் இவர்கள் இரண்டு பேர்தான். மூன்று மாதமாக அவள் தனியாளாக எழுதிய ஆஸ்பத்திரி டோக்கன் புரோகிராமை மேனேஜர் பதினோரு மணிக்குத் திறந்து பார்த்து முடிவு சொல்லப் போகிறார். இப்போது மணி பத்து ஐம்பது.

"ஆமா, நான்தான். அது வந்து..."

"வந்தாவது, போயாவது! நாப்பத்து மூணு கமிட். ஒண்ணு விடாம மாத்தி ஃபோர்ஸ் புஷ் பண்ணியிருக்கீங்க. சர்வரே உங்க பேரைப் போட்டுக் காட்டுது. வெக்கமா இல்ல?"

சர்வரில் ஒருவர் வேலைக்கென்று பிரித்து வைத்த தனிக் கிளைதான் பிராஞ்ச். அதில் எதை, யார், எப்போது எழுதினார் என்று கம்ப்யூட்டர் போட்டுவைக்கும் பதிவுதான் கமிட். ஹிஸ்டரி எனப்படும் பழைய பதிவுகளைத் திருத்தி, சர்வரில் இருப்பதன் மேல் வலுக்கட்டாயமாக ஏற்றினால் அது ஃபோர்ஸ் புஷ். சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் பிராஞ்சில் அதைச் செய்கிறவனை எந்த ஆபீஸிலும் மன்னிக்க மாட்டார்கள்.

"வெளிய வா, சொல்றேன். எல்லாரும் பாக்கறாங்க."

"நல்லாப் பாக்கட்டும்! போன தடவை 'குழந்தை சின்னது, நீ அப்புறம் பாத்துக்கோ'ன்னீங்க. வாயை மூடிட்டு விட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை என் உழைப்பு மேலயே கை வெக்கறீங்க!"

"இன்னிக்குக் காலைல ஆபீஸ் வந்துதான் பாத்தேன். உடனே மீட்டிங்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அதான் சொல்ல..."

"என்ன பாத்தீங்க? எங்க பொண்டாட்டி ஜெயிச்சிடுவாளோன்னு பாத்தீங்க. எனக்கு வயிறு எரியுது!"

கோபத்துக்கு எங்கே காது இருக்கிறது? அவள் லேப்டாப்பை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். அவளுடையது ரிப்பேராகிப் போனதிலிருந்து அவனுடைய பழைய லேப்டாப்பில்தான் அத்தனையும் எழுதியிருந்தாள். அதில் ஒரு கீ பெயர்ந்து போய், வெறும் ரப்பரை அழுத்தி அழுத்தி விரல் நுனியே காய்த்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டதை விட்டுவிடுவாளா?

"பழைய ஹிஸ்டரி பத்திரமா என்கிட்ட இருக்கு. இப்பப் பாருங்க. எனக்கும் ஃபோர்ஸ் புஷ் தெரியும்."

"ஐயோ, வேண்டாம்! ஒரே நிமிஷம் நான் சொல்றதைக் கேளு!"

என்டரைத் தட்டிவிட்டாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அதற்குள் சத்தம் கேட்டு மேனேஜர் அம்மாள் வந்துவிட்டார். ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர் 'கத்தரி'. யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுவார்.

"என்ன சண்டை?"

"மேடம், என் ஹிஸ்டரியை இவர் மாத்திட்டார். நான் பழசையே திரும்ப ஏத்திட்டேன். இப்ப இருக்கறதுதான் அசல். இனிமே இதுல யார் கை வெச்சாலும் திருட்டு. தயவுசெஞ்சு பூட்டிடுங்க."

"மேடம், நான் எதுக்கு மாத்தினேன்னா..."

"மாத்தினீங்களா இல்லையா?"

"மாத்தினேன், ஆனா..."

"ஆனா எல்லாம் வேண்டாம்."

கத்தரி நின்றபடியே பிராஞ்சைப் பூட்டினார். இனி அதில் ஒரு எழுத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது. சுவரில் இருந்த பெரிய திரையில் கமிட் பட்டியல் விரிந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

கத்தரி மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். மறுபடி கீழிருந்து மேலே போனார்.

"என்னம்மா இது? நாப்பத்து மூணுலயும் உங்க வீட்டுக்காரர் பேர்தான் இருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு கமிட்டிலும் இருந்த குறிப்பு அவள் எழுதியதுதான். பக்கத்தில் இருந்த பெயர்தான் அவளுடையது இல்லை. தனியாக வேலை பார்க்கிற பிராஞ்சில் தன் பெயரைத் தானே யார் போய்ச் சரிபார்க்கிறார்கள்?

"இல்ல மேடம்... இதெல்லாம் நான்தான்..."

"அசல்னு நீங்கதானே சொன்னீங்க? எழுதினதும் அவர், மாத்தினதும் அவர். இதுல உங்களுது எதும்மா?" அவன் பக்கம் திரும்பினார். "டீம் லீடர் சீட்டு உங்களுக்குத்தான் சார்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் நெருப்பாய் அவனை முறைத்தாள். "எல்லாத்துலயும் எப்படி உங்க பேர் வந்துச்சு? அப்படி என்னதான் மாத்தித் தொலைச்சீங்க?"

"அந்த லேப்டாப்ல யார் எழுதினாலும் என் பேர்தான்டி விழும். உன் பேரைப் போடத்தான் மாத்தினேன்."