இரவல் பச்சை

உயர் அழுத்த மின்கம்பியில் வேலை பார்ப்பவரின் டிஎன்ஏ எவ்வளவு அறுந்திருக்கிறது என்பதைக் கைப்பட்டை காட்டிவிடும். சிவந்துவிட்டால், செல்கள் தேறும்வரை டவர் ஏறக்கூடாது. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காத லைன்மேன் ஜெபராஜ், மற்ற லைன்மேன்களைப் போலவே, பட்டையை ராத்திரி மனைவி கையில் கட்டிவிட்டு, காலையில் பச்சையோடு வந்து நின்றான்.

போர்மேன் இசக்கியப்பன் பட்டையை வாங்கி உற்றுப் பார்த்தார்.

“ஏல, இது ஒன் பொண்டாட்டி கையில கெடந்ததுதான?”

“இல்லண்ணே, என் கையிலதான் கெடந்துச்சி.”

“அப்போ வயித்துப் பிள்ளையோடயா டவர் ஏறப்போற? இதுல ரெண்டு பேரு டிஎன்ஏல்லா காட்டுது!”

ஒரு பிள்ளைக்காகப் பல வருஷம் காத்திருந்த ஜெபராஜ் பட்டையைத் திரும்ப வாங்கினான். தன் கையில் கட்டினான். அது சிவந்தது.

“லீவு குடுங்கண்ணே,” என்றான். “இது நெசமாவே பச்சையாவட்டும்.”